ஹாலிஸின் இடது முழங்கால்

கார்வர்ஸ் மில், அலபாமா
செப்டம்பர் 8, 1952

அன்புள்ள எர்லீனுக்கு,

அண்ணன் ஆல்டன் எழுதுவது. எனக்கு உடம்புக்கு ஒரு குறையுமில்லை. வெயிலில் போனால் கொஞ்சம் தலை சுற்றுகிறது. டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னார். குறைத்திருக்கிறேனா என்று நிச்சயமாகச் சொல்லத் தெரியவில்லை. உன் இடுப்பு வலி தேவலையா? ஹாலிஸ் எப்படி இருக்கிறான்? சனிக்கிழமை பெல்ஃபோர்ட் கல்லூரியின் முதல் ஆட்டத்திலேயே அவன் பந்தை ஏந்தி ஓடப்போகிறான் என்று பேப்பரில் பார்த்தேன். பெயரை 'ஹோலிஸ்' என்று போட்டிருந்தார்கள். திருத்தி எழுதலாமா என்று நினைத்துவிட்டு, அதிகப்பிரசங்கித்தனமாகப் படுமோ என்று விட்டுவிட்டேன்.

இங்கே ஹோய்ட்டின் முடிவெட்டும் கடையில் ஃபுட்பால் பந்தயச் சீட்டு வர ஆரம்பித்துவிட்டது. உனக்கு இது பிடிக்காது, தெரியும். வியாழக்கிழமைதோறும் சீட்டு விற்கிற டெல்மர் கொண்டு வருவான். எந்தக் கல்லூரி எத்தனை புள்ளி வித்தியாசத்தில் ஜெயிக்கும் என்று அதில் அச்சடித்திருக்கும். அந்த வித்தியாசத்தைத் தாண்டுமா, தாண்டாதா என்று பார்த்து வட்டம் போட வேண்டும். நான் சும்மா ஒரு பொழுதுபோக்குக்குத்தான் போடுகிறேன். போன வருஷத்துக் கணக்குகளை எடுத்துக்கொண்டு, படித்து முடித்துப் போன பையன்களைக் கழித்து, எனக்குத் தெரிந்த முறையில் போடுகிறேன். அதனால் நேரமாகிறது.

"வாத்தியாரே, நீங்க பென்சில் சீவுறதுக்குள்ள சீசனே முடிஞ்சிடும் போலிருக்கே!" என்றான் ஹோய்ட்.

"அவரு வட்டம் போடலப்பா. காம்பஸ் வச்சு ஜியாமெட்ரி வரையறாரு" என்றான் ஜூனியர் ஸ்டாலிங்ஸ்.

இரண்டு பேரும் என்னிடம் படித்தவர்கள். அப்போதும் நான் சொன்னதைக் கேட்டதில்லை. உண்மையில் சீசன் ஆரம்பத்தில் யாருக்கும் ஒன்றும் தெரியாது. போன வருஷத்து அணியை மனதில் வைத்துக்கொண்டுதான் எல்லோரும் பந்தயம் கட்டுகிறார்கள். எனக்கும் அவர்களுக்கும் அதில் வித்தியாசமில்லை. நான் அதை நிதானமாகச் செய்கிறேன், அவ்வளவுதான்.

ஹாலிஸை வேளாவேளைக்குச் சாப்பிடச் சொல்.

உன் அண்ணன்,
ஆல்டன்


டன்லாப் ஸ்பிரிங்ஸ்
செப்டம்பர் 15, 1952

அன்புள்ள அண்ணனுக்கு,

எர்லீன் எழுதுவது. தலைச்சுற்றலோடு வெயிலில் அலையாதீர்கள். என் இடுப்பு எப்போதும்போலத்தான். சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை.

பெல்ஃபோர்ட் முதல் ஆட்டத்தில் ஜெயித்த செய்தி உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஹாலிஸ் இரண்டு முறை பந்தோடு எல்லைக்கோட்டைத் தாண்டினான். அவன் அப்பா வேட் இருந்து பார்த்திருக்க வேண்டும்.

ஆனால் அண்ணா, நேற்று சர்ச் முடிந்து சாப்பிட வந்தவன், பின்பக்கப் படியில் பக்கவாட்டாக இறங்கினான்.

"என்னடா, நண்டு மாதிரி நடக்கறே?"

"ஒண்ணுமில்லம்மா. ஷூ கடிக்குது."

"வெறுங்கால்ல இருக்கியேடா!"

அப்புறம்தான் காட்டினான். இடது முழங்கால் உள்பக்கம் வீங்கி, கையை வைத்தால் கொதிக்கிறது. நம் அம்மா செய்வதுபோல் பழுப்புக் காகிதத்தை வினிகரில் நனைத்துச் சுற்றிக் கட்டினேன். ஒரு பாட்டில் வினிகரும் கொடுத்தனுப்பியிருக்கிறேன். யாரிடமும் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டான். "கோச்சுக்குத் தெரிஞ்சா என்னைப் பெஞ்சுல உக்கார வச்சிடுவாரும்மா. ரெண்டு வருஷம் உக்காந்து இப்பதான் எந்திரிச்சிருக்கேன். எனக்குப் பின்னாடி ஒரு பொடியன் ஹெல்மெட்டைக் கையில வச்சுக்கிட்டே நிக்கறான்" என்றான். அந்த இடம் போனால் உதவித்தொகையும் போகும். உதவித்தொகை போனால் படிப்பு போகும்.

தொலைபேசியில் பேசலாமென்றால் எங்கள் ஆறு வீட்டுக்கும் ஒரே கம்பி. நான் ரிசீவரை எடுத்தாலே ஆறு வீட்டுக் காதும் திறந்துகொள்ளும். சர்ச்சில்கூட நான் வாய் திறக்கவில்லை. உங்களிடம் மட்டும்தான் சொல்கிறேன்.

கோச்சிடம் நானே போய்ச் சொல்லிவிடட்டுமா? அவன் என்மேல் கோபப்படுவான். படட்டும். நம் வீட்டில் படித்தவர் நீங்கள். நீங்கள் என்ன சொன்னாலும் அப்படியே செய்கிறேன்.

உங்கள் தங்கை,
எர்லீன்


கார்வர்ஸ் மில்
செப்டம்பர் 19, 1952

அன்புள்ள எர்லீனுக்கு,

அண்ணன் எழுதுவது. நான் சுகமாக இருக்கிறேன். உன் கடிதம் நேற்றுக் காலை வந்தது. இரண்டு முறை படித்தேன்.

அவசரப்பட வேண்டாம் என்றே எனக்குத் தோன்றுகிறது. இளம் வயதில் முழங்கால் வீங்குவதும் வடிவதும் சகஜம். கோச்சிடம் சொல்லிவிட்டால் பிறகு சொல்லாததாக்க முடியாது. சொல்லாமலிருந்தால் எப்போது வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளலாம். இன்னும் ஒரு வாரம், இரண்டு வாரம் பொறுத்துப் பார்க்கலாம். நான் சொல்வது தவறாகவும் இருக்கலாம். நீயும் யோசி.

நேற்று ஹோய்ட் கடைக்குப் போயிருந்தேன். நல்ல புழுக்கம். வேறு விசேஷமில்லை.

உன் அண்ணன்,
ஆல்டன்


கார்வர்ஸ் மில்
செப்டம்பர் 22, 1952

அன்புள்ள எர்லீனுக்கு,

உன் பதிலுக்குக் காத்திராமல் மறுபடி எழுதுகிறேன். தலைச்சுற்றல் இப்போது இல்லவே இல்லை. பசிகூட நன்றாக எடுக்கிறது.

சனிக்கிழமை பெல்ஃபோர்ட் மூன்றே புள்ளியில் ஜெயித்ததே, சீட்டில் பத்து என்று போட்டிருந்தார்கள். ஹாலிஸ் பத்திரமாக முடித்தான் என்று ரேடியோவில் கேட்டு நிம்மதியானேன்.

இன்று கடைக்குள் நுழைந்ததும் ஹோய்ட், "டேய் ஜூனியர், எந்திரிடா. வாத்தியாருக்கு நாற்காலியை விடு" என்றான். ஜூனியரும் எழுந்துவிட்டான். டெல்மர் எனக்கென்று பீக்கன் கொட்டை வைத்துச் சுட்ட இனிப்புப் பலகாரம் ஒரு துண்டு வாங்கி வைத்திருந்தான். "அடுத்த வாரம் என்ன சொல்றீங்க வாத்தியாரே?" என்று கேட்டுவிட்டு எல்லோரும் நான் வாய் திறக்கும்வரை காத்திருந்தார்கள். முப்பத்தெட்டு வருஷம் வகுப்பில் நின்றேன். அப்படியொரு அமைதியை நான் கேட்டதில்லை. வாயில் பலகாரம் இருந்தது. விழுங்கிவிட்டுப் பேச வேண்டியிருந்தது. அதற்கும் காத்திருந்தார்கள்.

ஹாலிஸின் முழங்கால் எப்படி இருக்கிறது? படி ஏறும்போது வலிக்கிறதா, இறங்கும்போதா? எந்தப் பக்கம் திரும்பினால் வலி? வினிகர் கட்டு ஆட்டத்தின்போதும் இருக்கிறதா? சிரமம் பாராமல் விவரமாக எழுது. கவலையாக இருக்கிறது.

உன் அண்ணன்,
ஆல்டன்


டன்லாப் ஸ்பிரிங்ஸ்
செப்டம்பர் 25, 1952

அன்புள்ள அண்ணனுக்கு,

எர்லீன் எழுதுவது. உங்களுக்குப் பசி எடுக்கிறது என்று படித்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. உங்கள் இரண்டு கடிதங்களும் கிடைத்தன. நீங்கள் சொன்னபடியே கோச்சிடம் போகவில்லை.

வேட் போன பிறகு எங்களை இப்படித் துருவித் துருவி விசாரிக்க ஆளில்லை அண்ணா. மற்றவர்கள் 'எப்படி இருக்கிறீர்கள்' என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் நகர்ந்துவிடுகிறார்கள். உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டுக் கொஞ்சம் அழுதேன்.

நீங்கள் கேட்டது எல்லாவற்றையும் எழுதுகிறேன். இறங்கும்போதுதான் வலி. வலது பக்கம் திரும்பி ஓடினால் ஒன்றுமில்லை. இடது பக்கம் வெட்டித் திரும்பினால் உள்ளே ஏதோ நழுவுவதுபோல் இருக்கிறதாம். வினிகர் கட்டு ஆட்டத்தின்போதும் உள்ளே இருக்கிறது, காலுறையை மேலே இழுத்து மறைத்துவிடுகிறான். பக்கத்தில் நிற்கிற பையன் "எவன்டா ஊறுகாய் தின்னது?" என்று கேட்டானாம். சொல்லிச் சொல்லிச் சிரித்தான்.

உங்களுக்கு எழுதினேன் என்று சொன்னதும் முதலில் முகம் சுளித்தான். பிறகு, "மாமாகிட்டதானே, பரவால்லம்மா. அவரு வாயைத் திறக்கிற ஆளில்ல" என்றான்.

உங்கள் தங்கை,
எர்லீன்


கார்வர்ஸ் மில்
அக்டோபர் 3, 1952

அன்புள்ள எர்லீனுக்கு,

அண்ணன் எழுதுவது. உடம்பு பரவாயில்லை. தூக்கம்தான் சரியில்லை.

போன சனிக்கிழமையும் பெல்ஃபோர்ட் தப்பித்தது. நாளை ஆஷ்பி கல்லூரியோடு ஆட்டம். ஆஷ்பி இங்கிருந்து பக்கம்தான். நான் யோசித்துப் பார்த்தேன். முன்பு எழுதியது தவறோ என்று தோன்றுகிறது. நீ கோச்சிடம் சொல்லிவிடுவதே நல்லது. ஆஷ்பி ஆட்டத்தில் ஹாலிஸ் இறங்காமல் இருந்தால் நல்லது. குறிப்பாகக் காரணம் ஒன்றுமில்லை. என் சுபாவம் உனக்குத் தெரியும், எதற்கும் பயந்துகொள்வேன்.

நேற்று ஆஷ்பி சட்டை போட்ட இரண்டு பேர் ஹோய்ட் கடைக்கு வந்திருந்தார்கள். முடி வெட்டிக்கொள்ளவில்லை.

இந்தக் கடிதம் உனக்குத் திங்கட்கிழமைதான் கிடைக்கும் என்பது எழுதி முடித்த பிறகுதான் உறைக்கிறது. இருந்தாலும் தபாலில் சேர்க்கிறேன்.

உன் அண்ணன்,
ஆல்டன்


பர்மிங்ஹாம்
அக்டோபர் 13, 1952

அன்புள்ள அண்ணனுக்கு,

எர்லீன் எழுதுவது. ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து எழுதுகிறேன். உங்கள் உடம்பு தேறியிருக்கும் என்று நினைக்கிறேன்.

பேப்பரில் பார்த்திருப்பீர்கள். மூன்றாவது முறை பந்தை வாங்கியபோதே இரண்டு பேர் நேராக அவன் இடது காலில் வந்து விழுந்தார்கள். நான் பதினாலாவது வரிசையில் இருந்தேன். எனக்குச் சத்தம் கேட்டது. கேட்டிருக்க முடியாது என்கிறார்கள். எனக்குக் கேட்டது.

முழங்காலைத் திறந்து தைத்திருக்கிறார்கள். நடப்பான் என்று டாக்டர் சொல்கிறார். ஓடுவானா என்று நான் கேட்டேன். அவர் ஹாலிஸின் வயதைக் கேட்டார். இருபத்தொன்று என்றேன். அட்டையில் குறித்துக்கொண்டு போய்விட்டார்.

நேற்றுத்தான் ஹாலிஸ் வாய் திறந்து பேசினான். மேலே விழுந்தவர்களில் ஒருவன் எழுந்திருக்காமல் அவன் காதில் சொன்னானாம்: "வினிகர் நாத்தம் தாங்கலடா. உள்பக்கம்தானே? உங்கம்மா இன்னும் நல்லா இறுக்கிக் கட்டியிருக்கணும்."

"நம்ம வீட்டு வினிகர் அவனுக்கு எப்படிம்மா தெரியும்?" என்று கேட்கிறான். என்னைச் சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்கிறான். கட்டுப் போட்டது நான்தான் என்பது அவனுக்கும் எனக்கும் உங்களுக்கும் மட்டும்தான் தெரியும்.

நீங்கள் யாரிடமாவது சொன்னீர்களா அண்ணா? இல்லை என்று ஒரு வரி எழுதினால் போதும். நான் நம்பிவிடுவேன்.

எர்லீன்


கார்வர்ஸ் மில்
நவம்பர் 3, 1952

அன்புள்ள எர்லீனுக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகப்போகிறது. 'இல்லை' என்று ஒரு வரி எழுதிப் பார்த்தேன். கையெழுத்து நன்றாகத்தான் வந்தது. தபாலில் சேர்க்க முடியவில்லை.

சொன்னேன்.

உன் முதல் கடிதம் வந்த அன்றே சொன்னேன். எல்லோரும் பெல்ஃபோர்டுக்கு வட்டம் போட்டுக்கொண்டிருந்தார்கள். நான், "பெல்ஃபோர்ட் பத்துப் புள்ளி தாண்டாது" என்றேன். "ஏன் வாத்தியாரே, முக்கோணத்துல ஒரு பக்கம் குறையுதா?" என்று ஜூனியர் கேட்டான். கடையே சிரித்தது. இதைவிட மோசமாக எத்தனையோ முறை சிரித்திருக்கிறார்கள், நானும் கூடவே சிரித்துவிட்டு வந்திருக்கிறேன். அன்று ஏனோ, "என் தங்கச்சி பையனுக்கு முட்டி சரியில்ல" என்றேன். ஹோய்ட்டின் கத்தரிக்கோல் நின்றது. "எந்த முட்டி வாத்தியாரே?" என்று கேட்டான். என் வாழ்நாளில் என் வாயிலிருந்து அடுத்த வார்த்தை வர வேண்டுமென்று யாரும் ஆசைப்பட்டதில்லை. நான் சொன்னேன்.

அதற்குப் பிறகு நான் எழுதிக் கேட்டதெல்லாம் அவர்கள் கேட்கச் சொன்னவை. படி ஏறும்போதா இறங்கும்போதா என்பது டெல்மர் கேட்டது. நீ அதைப் படித்துவிட்டு அழுததாக எழுதியிருந்தாய். அதைப் படித்த பிறகும் வியாழக்கிழமை கடைக்குப் போனேன். வினிகர் விஷயத்தைச் சிரிப்புக்காகச் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். முதல் தடவையாக என்னைப் பார்த்துச் சிரிக்காமல், நான் சொன்னதற்குச் சிரித்தார்கள்.

கோச்சிடம் சொல்லட்டுமா என்று நீ கேட்டதற்குப் 'பொறு' என்று எழுதினேனே, அது ஹாலிஸின் படிப்புக்காகவா, அல்லது கோச்சுக்குத் தெரிந்தால் பேப்பருக்கும் தெரிந்துவிடும், பிறகு என்னிடம் மட்டும் இருக்கிற சேதி போய்விடும் என்பதற்காகவா? இதை நான் எத்தனையோ விதமாகப் பிரித்துப் பார்த்துவிட்டேன். எனக்கே தெரியவில்லை.

ஆஷ்பிக்காரர்கள் வந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு போன அன்று உன்னைக் கூப்பிடத் தொலைபேசியை எடுத்தேன். ஆறு வீட்டுக் காது திறக்குமே என்று நினைத்து வைத்துவிட்டேன். ஊருக்கெல்லாம் சொன்னவனுக்கு ஆறு வீடு பெரிதாகப் போய்விட்டது.

மன்னித்துவிடு என்று எழுத வரவில்லை. அதை நீ படிக்க வேண்டியிருக்கும். ஹாலிஸின் கால் எப்படி இருக்கிறது என்று கேட்கவும் எனக்கு உரிமையில்லை. ஆனாலும் கேட்கிறேன்.

ஆல்டன்


டன்லாப் ஸ்பிரிங்ஸ்
டிசம்பர் 19, 1952

அன்புள்ள அண்ணனுக்கு,

எர்லீன் எழுதுவது. இங்கே நாங்கள் எல்லோரும் நலம். இந்த வருஷம் பீக்கன் மரம் நன்றாகக் காய்த்தது. மழையும் உண்டு. கிறிஸ்துமஸ் வாழ்த்துகள்.

எர்லீன்


கார்வர்ஸ் மில்
பிப்ரவரி 5, 1953

அன்புள்ள எர்லீனுக்கு,

அண்ணன் எழுதுவது. உன் கிறிஸ்துமஸ் கடிதம் கிடைத்தது. அதற்குப் பிறகு நான் எழுதிய இரண்டும் கிடைத்திருக்கும் என்று நினைக்கிறேன்.

ஹோய்ட் கடைக்கு நான் இப்போது போவதில்லை. நேற்று அவனே தெருவில் என்னைப் பார்த்து நிறுத்தினான். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

"வாத்தியாரே, தங்கச்சிக்கு இப்ப எப்படி இருக்கு?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"போன புதன்கிழமை எங்க சர்ச்சுல அவங்க பேரைச் சொல்லி ஜெபம் பண்ணாங்களே. என் பொண்டாட்டியோட அக்கா உங்க தங்கச்சி ஊருதான். ரெண்டாவது ஆபரேஷனாமே? பையன்தான் கைத்தடியை ஊணிக்கிட்டு எல்லாம் பாத்துக்கறானாம். காலேஜை விட்டுட்டானாமே, பாவம்."

"நல்லா இருக்கா" என்றேன். "இப்ப தேவல" என்றும் சொன்னேன். அவன் என் தோளைத் தட்டிவிட்டுப் போனான்.

எர்லீன், உன் உடம்புக்கு என்ன? முதல் ஆபரேஷன் எப்போது நடந்தது? நீ எழுதிய பீக்கன் மரத்தை அப்போது யார் உலுக்கினார்கள்? இரண்டு ஊர்களில் உனக்காக ஜெபம் செய்கிறார்கள். என்னவென்று தெரியாமல் நானும் செய்கிறேன்.

பஸ் ஏறி வந்துவிடலாமென்று துணிமணியை எடுத்துப் பெட்டியில் வைத்தேன். கதவைத் தட்டினால் உங்களில் யார் எழுந்து வந்து திறக்க வேண்டியிருக்கும் என்று யோசித்தேன். யாருக்கு வலிக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. பெட்டி அப்படியே இருக்கிறது.

வரச் சொல்ல வேண்டாம். என்ன வலி, எங்கே வலி என்று மட்டும் எழுது. முன்பு எழுதுவாயே, அப்படி. யாரிடமும் சொல்ல மாட்டேன். இந்த வார்த்தைக்கு உன்னிடம் மதிப்பிருக்காது என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

உன் அண்ணன்,
ஆல்டன்


டன்லாப் ஸ்பிரிங்ஸ்
பிப்ரவரி 16, 1953

அன்புள்ள மாமாவுக்கு,

ஹாலிஸ் எழுதுவது. உங்கள் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். கடைசிப் பக்கத்தை இன்னொரு முறை படிக்கச் சொன்னாள். படித்தேன். பிறகு பதில் எழுதச் சொன்னாள்.

"என்னம்மா எழுத?"

"எல்லாரும் நலம்னு எழுதுடா."

"வேற?"

"அவ்வளவுதான். வேற ஒண்ணும் எழுதமாட்டேன்னு எனக்குச் சத்தியம் பண்ணு."

சத்தியம் பண்ணிவிட்டேன் மாமா. என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

இங்கே நாங்கள் எல்லோரும் நலம்.

ஹாலிஸ்